மஞ்சள் வைத்த வண்டி

ஆயில் கேனின் சீல் உடையாமல் இருந்தது.

ரேவதி அதைத் தூக்கிப் பார்த்தாள். கனத்தது. ஆட்டிப் பார்த்தாள். தளும்பக்கூட இடமில்லாத நிறை கேன். அலமாரித் தட்டில் வேறு கேன் உண்டா என்று தேடினாள். இல்லை. காலி கேன்கள் போட்டுவைக்கும் சாக்கைத் தலைகீழாகக் கொட்டினாள். ஆறு உருண்டன, ஆறிலும் பழைய தூசி. காலடியில் இருந்த தகர வாளியில் மத்தியானம் அந்த வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில் கருப்பாகக் கிடந்தது. வடித்தது இங்கே இருக்கிறது. ஊற்ற வேண்டியதும் இங்கேயே இருக்கிறது. அப்படியென்றால் வண்டிக்குள் என்ன இருக்கிறது?

ஒன்றுமில்லை. வண்டி கிளம்பிப் போய்க் கால்மணி ஆகிவிட்டது. ஓட்டிக்கொண்டு போனவன் அவள் புருஷன் முனிராஜ். போன இடம் சானமாவுக் காட்டோரம். அங்கே ராகிக் கொல்லையை ஒட்டிய தைலமரத் தோப்பில் விடியற்காலையிலிருந்து பதினோரு யானைகள் நின்றுகொண்டிருந்தன.

அந்த வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மோட்டார் சைக்கிள் போல ஹேண்டில், தடித்த நாலு சக்கரம், இரண்டு பேர் உட்கார ஒரு சீட்டு. காகிதத்தில் ஏ.டி.வி. என்று எழுதியிருக்கும். ஊர்க்காரர்கள் தவளை வண்டி என்பார்கள். வரப்போ வாய்க்காலோ எது குறுக்கே வந்தாலும் தாவிவிடும். ஓசூர்க் கம்பெனி ஒன்று யானை விரட்டும் குழுவுக்கென்று வாங்கிக் கொடுத்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் நாலு பேர் வந்து ரிப்பன் வெட்டி, யானை இல்லாத பக்கமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து ஓட்டுவது முனிராஜ். பின்னால் வெடிப் பையோடு உட்காருவது அவன் சித்தப்பா மகன் விமல்ராஜ். ஐம்பது மணி நேரம் ஓடினால் ஒரு முறை ஆயில் மாற்றி, ஏர் ஃபில்டர் கழுவி, பிளக் துடைத்துக் கொடுப்பது ரேவதி.

ரேவதியைப் பொம்பளை மெக்கானிக் என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. அவள் ஏழு வருஷம் ஃபேக்டரியில் இன்ஜின் பூட்டும் லைனில் காண்ட்ராக்ட்டில் நின்றவள். பெல்ட்டில் இன்ஜின் நகர்ந்து வரும். அவளுக்கு முந்தின இடத்தில் ரஞ்சிதா என்ற சிவகங்கைப் பெண் ஆயில் ஊற்றி, மூடியை இன்ஜின் வாயில் சும்மா வைத்து அனுப்புவாள். ரேவதி மூடியை முறுக்க வேண்டும், முறுக்கியதற்கு அடையாளமாக மஞ்சள் பெயிண்ட் பேனாவால் மூடியிலும் இன்ஜின் உடம்பிலும் சேர்த்து ஒரு கோடு போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு, தொள்ளாயிரம். ரஞ்சிதா ஊற்றாத இன்ஜின் ஒன்றுகூட அந்த ஏழு வருஷத்தில் ரேவதியின் கைக்கு வந்ததில்லை.

காண்ட்ராக்ட் முடிந்ததும் ராயக்கோட்டை ரோட்டில் வீட்டுக்கு முன்னாலேயே தகர ஷெட் போட்டாள். மஞ்சள் பேனாவும் கூடவே வந்துவிட்டது. எந்த போல்ட்டை முறுக்கினாலும் ஒரு கோடு. முனிராஜுக்கு அதில் அப்படியொரு பெருமை. டீக்கடையில் உட்கார்ந்தால், "எம் பொண்டாட்டி மஞ்ச வெச்சிட்டா, அந்த வண்டிய நான் அப்பறம் குனிஞ்சிகூட பாக்கறதில்ல" என்பான். கேட்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். அவளுக்கு இனிக்கும். பொய் எதற்கு?

மத்தியானம் என்ன நடந்தது என்று இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பழைய ஆயிலை வடித்தாள். கீழ் போல்ட்டை முறுக்கினாள், கோடு போட்டாள். தூசி விழாமலிருக்க மேல் மூடியை வாயில் சும்மா வைத்தாள். கேனை எடுக்கத் திரும்பும்போது மாமியார் கெம்பம்மா களி ஆறிப்போகிறது என்று கூப்பிட்டாள். களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும். தின்றுவிட்டுக் கை கழுவி வந்தாள். மூடி வாயில் சும்மா இருந்தது. கை போய் அதை முறுக்கியது. பேனாவை எடுத்துக் கோடு போட்டது. யாரோ ஊற்றி அனுப்பியதைப் போல! அப்புறம் ஏர் ஃபில்டரைக் கழுவப் பின்பக்கம் போய்விட்டாள். இன்ஜினை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு அளவுக் குச்சியை எடுத்துப் பார்ப்பது அவள் வழக்கம். அதற்குள் யானை நகருகிறது என்று போன் வர, அவள் கழுவி வைத்திருந்த ஃபில்டரை முனிராஜ் தானே மாட்டிக்கொண்டு, மூடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விமல்ராஜையும் ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டான்.

ரேவதி கேனைக் கீழே வைக்கத் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

கெம்பம்மா முறத்தில் அவரைக்காயைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தாள். மார்கழிக் காற்று தோலை வாசலெங்கும் பறக்கடித்தது.

"அத்த, அவருக்கு போன் போட்டன். எடுக்கல."

"எடுக்க மாட்டான்டி. யானயாண்ட போனா அமுக்கி வெச்சிருவான். இன்னாத்துக்கு இப்ப?"

"விமலும் எடுக்கல."

"அவனும்தான் அங்க கீறான். எடுப்பானா?" கெம்பம்மா நிமிர்ந்தாள். மருமகள் முகத்தைப் பார்த்ததும் முறத்தை நகர்த்தினாள். "ஏனாயித்துடி? இன்னா ஆச்சி, சொல்லு." பதறினால் அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வரும்.

"நான் போவணும் அத்த. மொபெட்டு சாவி எங்க?"

"நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"எம் புள்ள போயிகீற எடம்டி அது. உம் மூஞ்சி போற போக்கு எனக்கு நல்லா இல்ல. எடு வண்டிய."

மகள் யுவஸ்ரீ பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பார்த்துக்கொள்ளும்படி எதிர்வீட்டு வெங்கடம்மாவிடம் கத்திச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் மொபெட்டில் ஏறினார்கள். நிறை கேன் ரேவதியின் காலுக்கு நடுவே நின்றது. போய்ச் சேருவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டால் அங்கேயே ஊற்றிவிடலாம் என்று ஒரு நைப்பாசை.

ரோட்டில் தக்காளி லாரிகள் வரிசையாக வந்தன. காற்றில் குரல் கேட்காது, கத்தித்தான் பேச வேண்டும். ஊருக்கே கேட்கும்படி கத்தி இப்படி ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று இருந்தது ரேவதிக்கு.

"வண்டில ஆயில் ஊத்தல அத்த!"

"பெட்ரோலா?"

"பெட்ரோல் இல்ல, ஆயில்! இன்ஜின் ஆயில். மறந்துட்டு மூடி போட்டுட்டேன்."

கெம்பம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஆயில் இல்லன்னா இன்னாடி ஆவும்? மெதுவா போவுமா?"

"மெதுவா போவாது. நல்லா போவும். போய்க்கினே இருந்து, திடீர்னு நின்னுடும். உள்ள இரும்ப இரும்பு புடிச்சிக்கும். அப்பறம் யாரு இன்னா பண்ணாலும் சுத்தாது."

"எங்க நிக்கும்?"

"எங்க வேணா."

மாமியாரின் கை இடுப்பைச் சுற்றி இறுகியது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"எத்தினி தூரம் போவும்டி?"

"பத்து நிமிஷம் ஓடலாம். பதினஞ்சி ஓடலாம். ஏரிக்கர வரைக்கும் போயி நிறுத்தி வெச்சிருப்பாரு. யான நவந்தாதான் மறுபடி எடுப்பாரு." சொல்லும்போதே அவளுக்கு ஒன்று பிடிபட்டது. "அத்த, முன்னால செவப்பு லைட்டு கீது! ஆயில் இல்லன்னா எரியும். அவரு பாப்பாரு. பாத்தா ஆஃப் பண்ணிடுவாரு."

"பாப்பான். எம் புள்ள கண்ணு நல்ல கண்ணு."

"பாத்துருப்பாரு."

"பாத்துருப்பான், நீ நேரா பாத்து ஓட்டு."

சிவப்பு விளக்கு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டே இரண்டு பேரும் ஐந்து கிலோமீட்டர் போனார்கள். ஏரிக்கரையில் திரும்பும்போது காட்டுப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, தொடர்ந்து ஏழெட்டு. வழக்கமாக யானையை நகர்த்த ஒரு வெடி, பொறுத்து இன்னொரு வெடி என்றுதான் போடுவார்கள். இப்படிப் பையோடு கொட்டுகிறார்கள் என்றால் அது யானையை ஓட்டுவதற்கல்ல, யாரையோ காப்பாற்றுவதற்கு. ராகி அறுக்க வந்த பெண்கள் அரிவாளோடு கரைமேல் ஓடி வந்தார்கள். ஒருத்தி ரேவதியைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்து, பக்கத்துப் பெண்ணின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

கொல்லை வரப்பில் விமல்ராஜ் எதிரே வந்தான். செருப்பு இல்லை. சட்டை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது. ரேவதியைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணன் எங்கடா?"

"பள்ளத்துல அண்ணி. யானப் பள்ளத்துல. வண்டியோட."

யானை ஊருக்குள் வராமலிருக்கக் காட்டோரம் நெடுக வெட்டிவைத்த அகழியைத்தான் அவன் சொன்னான். கெம்பம்மா "அய்யோ தேவரே" என்று வரப்பில் ஓட ஆரம்பித்தாள். ரேவதி விமல்ராஜின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உசுரு கீதா?"

"கீது. பேசறாரு. காலு மேல வண்டி கெடக்குது. ஆளுங்க போயிகீறாங்க."

"எப்டிடா?"

"குட்டியோட ஒரு பொட்ட யான ரோட்டு பக்கமா திரும்பிச்சி. மறிக்கலாம்னு அண்ணன் வண்டிய எடுத்தாரு. கொஞ்ச தூரந்தான் போனம். கடகடன்னு சத்தம், அப்பறம் கிர்ர்ருனு இழுத்துச்சி, பள்ளத்து ஓரத்துலயே நின்னுபோச்சி. ஸ்டார்ட்டர அமுக்கனா டக். மறுபடி அமுக்கனா டக். அவ்ளோதான்."

ரேவதிக்கு அந்தச் சத்தம் தெரியும். அவன் வாயால் சொன்னதே காதுக்குள் நிஜமாகக் கேட்டது.

"முன்னாடி லைட்டு எரியலயா? செவப்பு லைட்டு?"

"எரிஞ்சிது அண்ணி."

"எப்போ?"

"கௌம்பன ஒடனயே. ரோட்டுலயே எரிஞ்சிது. நான்தான் காட்டனன், அண்ணா செவப்பு எரியுதுன்னு. அண்ணன் குனிஞ்சி மூடிய பாத்தாரு. மஞ்ச இருந்திச்சி. 'லைட்டு கெட்டுப்போச்சிடா, உங்கண்ணி இப்பதான் மஞ்ச வெச்சிகீறா'ன்னு சொல்லிட்டு ஓட்டனாரு."

ரேவதி அவன் தோளை விட்டாள்.

"நின்னப்பறம் எறங்கி ஓட வேண்டியதுதானடா? ஏன்டா ஓடல?"

விமல்ராஜ் அழுதான். "நான் குதிச்சிட்டேன் அண்ணி. யான காத விரிச்சிகினு வருது. வாண்ணா ஓடிடலாம்னு கைய புடிச்சி இழுத்தேன். அண்ணன் ஒதறிட்டாரு. 'ரேவதி மஞ்ச வெச்ச வண்டிடா, எடுத்துரும், ஒரு நிமிஷம் இரு'ன்னாரு. அமுக்கிகினே கீறாரு அண்ணி. அது கிட்ட வந்துடுச்சி, அப்பவும் அமுக்கிகினே கீறாரு."

அதற்குமேல் அவனைக் கேட்க ஒன்றுமில்லை. ரேவதி வரப்பில் ஓடினாள். நாலைந்து அடிக்கு ஒரு முறை விழுந்தாள். அறுத்துப் போட்ட ராகித் தாளில் கால் வழுக்கியது என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள். அது தாளில்லை. அவளுக்குக் காலே தன்னுடையதாக இல்லை.

பள்ளத்தில் தவளை வண்டி கவிழ்ந்து கிடந்தது. யானை துதிக்கையால்கூடத் தொடவில்லை. நெற்றியால் ஒரே தள்ளு. அத்தோடு குட்டியைக் கூட்டிக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டது. வண்டி விழுந்த இடம் சேறு. அதனால்தான் முனிராஜ் பிழைத்தான். இடுப்புக்குக் கீழே வண்டிக்கடியில். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எட்டுப் பேர் கயிறு போட்டு இழுத்தார்கள். ரேவதி பள்ளத்தில் குதித்து, கூட நின்று தோள் கொடுத்துத் தூக்கினாள். இன்ஜின் இன்னும் சூடாக இருந்தது. முழங்கை பட்டுத் தோல் பொசுங்கிய நாற்றம்கூட அவளுக்கு உறைக்கவில்லை. கண்ணெதிரே மூடியும் மஞ்சள் கோடும். ஒரு பிசிறில்லாமல், ஃபேக்டரியில் போட்டதைவிட நன்றாகவே போட்டிருந்தாள்.

முனிராஜ் அவளைப் பார்த்தான். "ஏன் வந்த? யான கீது இங்க" என்றான். பிறகு, "எப்டி நின்னுச்சின்னே தெரியல புள்ள" என்றான். அத்தோடு மயங்கிவிட்டான்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் தொடை எலும்பு இரண்டு துண்டு என்றார்கள். பிளேட் வைக்க வேண்டும். ஆறு மாதம் படுக்கை, அப்புறம் நடப்பான். உயிருக்குப் பயமில்லை. பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கி வந்தார்கள். யானைக்கும் அடி சறுக்கும், வண்டிக்குச் சறுக்காதா என்று ஆறுதல் சொன்னார்கள். அன்றைக்கு யானைக்கு ஒன்றும் சறுக்கவில்லை. ரேவதி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். சோறு இறங்கவில்லை. பொசுங்கிய முழங்கைக்கு நர்ஸ் மருந்து தடவியபோதுதான் அங்கே காயம் இருப்பதே அவளுக்குத் தெரிந்தது.

தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் கெம்பம்மா அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"யாராண்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"ஹேளபேட. சொல்லாத. நீ எங்கிட்ட சொன்னத நான் மறந்துட்டேன். எம் புள்ள பொழச்சிகிட்டான், அது போதும். அவன் ஊரெல்லாம் உன்ன பத்தி பேசி வெச்சிகீறான்டி. அது ஒடஞ்சா அவன் தாங்க மாட்டான்."

"உனக்கு எம்மேல கோவமே இல்லயா அத்த?"

"கீது. மல அளவு கீது. அத நான் எங்க வெக்கணுமோ அங்க வெச்சிக்கறேன். நீ வாய மூடு."

மறுநாள் காலை வனவர் மாடசாமி வந்தார். தென்காசிப் பக்கத்து மனிதர். இங்கே வந்து ஒன்பது வருஷமாகியும் பேச்சு மாறவில்லை. கையில் எழுதிய காகிதம். பின்னால் விமல்ராஜ் நின்றான்.

"எப்படிடே இருக்க? வலி எப்படி?" என்று முனிராஜை விசாரித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல, வண்டி வித்தவனுக்கு ஒரு காயிதம் எழுதிருக்கோம். முறையா சர்வீஸ் பாத்த வண்டி நடுக்காட்டுல நின்னுருக்கு, இன்ஜினே சரியில்ல, வேற வண்டி தரணும்னு. பாத்துக்கிடு, அவன் தந்துதான் ஆவணும். சர்வீஸ் பாத்தது யாரு, ஒங்க வீட்டம்மாதான? அம்மாடி, இதுல ஒரு கையெழுத்து போட்டுரு."

"போடு ரேவதி" என்றான் முனிராஜ். மருந்து மயக்கத்திலும் குரலில் அந்தப் பழைய மிதப்பு இருந்தது. "சார், இவ மஞ்ச வெச்ச எடத்துல இதுவரைக்கும் ஒரு சொட்டு கசிஞ்சதில்ல. நானே பாத்தேன், மூடி மேல கீது. இன்ஜின்தான் கோளாறு. எழுதிக்கோங்க."

ரேவதி காகிதத்தை வாங்கினாள். கெம்பம்மா கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணால் மிரட்டினாள். பேனா கையில் இருந்தது. ஒரு கையெழுத்து. போட்டுவிட்டால் ஊருக்கும் நல்லது, குழுவுக்கும் வண்டி, புருஷனுக்கும் பெருமை. ஆறு மாதம் கழித்து அவன் எழுந்து நடப்பான். புது வண்டி வரும். அவள் மஞ்சள் வைப்பாள். அவன் குனிந்துகூடப் பார்க்காமல் ஏறிக் காட்டுக்குள் போவான்.

"நான் ஆயில் ஊத்தல" என்றாள்.

மாடசாமி நிமிர்ந்தார். முனிராஜ் சிரித்தான்.

"பயந்துட்டா சார். நேத்துலர்ந்து சாப்படல, அதான் ஒளறுறா."

"ஒளறல. பழச வடிச்சேன். புதுசு ஊத்தல. ஊத்தாமயே மூடிட்டேன்."

"ஊத்தியிருப்ப புள்ள. மறந்துருப்ப."

"கேன் சீல் ஒடையாம கீது. மொபெட்டுல வெச்சி எடுத்துகினு வந்தேன். அத்தய கேளு."

கெம்பம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது வேற கேனா இருக்கும்" என்றான் முனிராஜ்.

"வேற கேன் இல்ல."

"மஞ்ச இருந்திச்சேடி! நான் எங் கண்ணால பாத்தேனே! ஊத்தாம எப்டி மஞ்ச வெப்ப? ஏழு வருசம் வெச்ச கை உனுது. சார், நீங்க இத எழுதாதீங்க. அவ கை தப்பு பண்ணாது."

ரேவதிக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்க்கும்படி கத்திவிட்டாள்.

"லைட்டு சொல்லிச்சி, நம்பல. விமலு சொன்னான், நம்பல. யான எதிர்ல வந்து நிக்குது, அதயும் நம்பல. இப்ப நான் வாயத் தொறந்து சொல்றேன், என்னயும் நம்ப மாட்டியா? எங் கைய நம்பாத மாமா. என்ன நம்பு!"

மாடசாமி காகிதத்தை மெல்ல வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். விமல்ராஜ் தரையைப் பார்த்தான். முனிராஜ் முதலில் அவள் கையைப் பார்த்தான், அப்புறம் முகத்தை. அங்கே வேறு யாருமே இல்லாததுபோல மெதுவாகக் கேட்டான்.

"நெஜமாவே ஊத்தலயா?"

"ஊத்தல."

அவன் கட்டிலின் இரும்புக் கம்பியை எட்டிப் பிடித்தான். காட்டுக்குள் யானை முன்னால் உட்கார்ந்து ஸ்டார்ட்டரை அமுக்கிக்கொண்டிருந்தபோது வராத நடுக்கம் இப்போது வந்தது. பல் கிட்டியது. கட்டில் கடகடவென்று ஆடியது. கெம்பம்மா ஓடிவந்து மகனின் தோளை அழுத்திப் பிடித்தாள். ரேவதி அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். உடைந்த கால், அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.